ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை: முழு அசெம்பிளியா, மோட்டார் மட்டுமா, 'டைரக்ட்' வயரிங்கா?

நெரிசலில் சூடேறிய காரைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று தெரிந்தவுடன், உரிமையாளர் முன் பெரும்பாலும் நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. ஃபேன், மோட்டார், அதைத் தாங்கும் சட்டம் எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளியை வாங்கி மாட்டலாம். மோட்டாரை மட்டும் மாற்றலாம். பழைய மோட்டாரைப் பிரித்துக் கார்பன் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்க உரசும் சிறு கட்டை) மாற்றி ஓட்டலாம். அல்லது வண்டியின் கட்டுப்பாட்டைத் தாண்டி ஃபேனுக்குத் தனியாக மின்சாரம் எடுத்து, பட்டறை மொழியில் சொன்னால், 'டைரக்ட்' கொடுத்துவிடலாம். இந்த நான்கில் எது நல்லது என்று கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மோட்டார் உண்மையில் செத்துவிட்டதா? நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிய பிறகும் வண்டி சூடாவதைக் கண்டவர்கள் குறைவல்லர்; ஏனென்றால் ஃபேன் சுற்றாமல் போவதற்கு மோட்டாருக்கு வெளியே இருக்கும் காரணங்களே அதிகம்.

முதலில் வண்டி எப்போது சூடாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அந்த வேகத்தில் ஃபேனுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. ஆகவே சிக்னலிலும் நெரிசலிலும் மட்டும் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகிக்கலாம். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போதே சூடு ஏறினால், அடைபட்ட ரேடியேட்டர், சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே ஃபேனுக்குச் செலவழிப்பது வீண். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இரண்டும் கலந்துவிடும். எஞ்சின் முழுப் பளுவில் இருக்கும், வண்டியின் வேகமோ நடை வேகமாக இருக்கும். பலவீனமான ஃபேனும் அங்கே வெளிப்படும், பாதி அடைபட்ட ரேடியேட்டரும் அங்கே வெளிப்படும். எனவே மலையில் மட்டும் சூடாகும் வண்டியை வைத்து ஃபேன்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

இந்தச் சிக்கல் அம்பாசடர் காலத்தில் இந்த வடிவத்தில் இருந்ததில்லை. அதில் எஞ்சினின் பெல்ட்டே ஃபேனைச் சுற்றியது. எஞ்சின் ஓடும்வரை ஃபேனும் ஓடும், பெல்ட் அறுந்தால் நிற்கும். 1983-இல் வந்த மாருதி 800 போன்ற வண்டிகளில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்ந்ததால், பெல்ட்டால் முன்பக்க ஃபேனைச் சுற்றுவது எளிதாக இல்லை, மின்மோட்டார் வந்தது. அதனோடு ஃப்யூஸ், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, வெப்பம் அறியும் சுவிட்ச் அல்லது சென்சார், வயர், எர்த் என்று ஒரு சங்கிலியும் வந்தது. அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றே: ஃபேன் சுற்றவில்லை.

சோதனையில் இறங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். சாவியை அணைத்த பிறகும் பல வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். விரலும் துப்பட்டாவும் தொங்கும் கைக்குட்டையும் அதன் அருகே போகக் கூடாது. சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை எந்த அவசரத்திலும் திறக்கக் கூடாது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடிக்குக் கீழே வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் இறங்கி, அந்த நீர் அத்தனையும் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் பாயும்.

எளிய சோதனை ஏசியிலிருந்து தொடங்குகிறது. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால், பெரும்பாலான சிறு கார்களில் ஃபேன் உடனேயோ சற்று நேரத்திலோ சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றி, எஞ்சின் சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால், ஒரே ஃபேன் இரண்டு வேலையும் பார்க்கும் வண்டியில் மோட்டார் நன்றாக இருக்கிறது என்றே பொருள். சந்தேகம் சென்சார் பக்கம் நகர்கிறது. எதற்குமே சுற்றவில்லை என்றால் ஃப்யூஸைப் பார்த்துவிட்டு ரிலேக்கு வர வேண்டும். அதே பெட்டியில் ஹார்னுக்கோ வேறொன்றுக்கோ அதே எண் பொறித்த ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது காசில்லாத சோதனை. அடுத்து மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, ஃப்யூஸ் வைத்த இரண்டு வயர்களால் நேரடியாகப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் உறுதியாகச் சுற்றினால் அதை மாற்ற வேண்டிய தேவை இல்லை. தட்டினால் மட்டும் சுற்றினால் கார்பன் தேய்ந்திருக்கிறது. சுற்றியும் மந்தமாக இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் இறுகியிருக்கலாம், சுழலும் சுருளான ஆர்மேச்சரும் பழுதாகியிருக்கலாம்.

சென்சார் பக்கம் வந்தால் வண்டியின் வயது முக்கியம். பழைய வண்டிகளில் வெப்பச் சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கும். அதன் இரண்டு வயர்களை இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும், சுற்றினால் சுவிட்சே பழுது. எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் எஞ்சினின் கணினி, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) சென்சாரின் மின்தடையைப் படித்து ரிலேக்கு உத்தரவு கொடுக்கிறது. பல வண்டிகளில் அந்தச் சென்சாரின் இணைப்பைக் கழற்றினால், கணினி பாதுகாப்புக்காக ஃபேனைத் தானே ஓடவிடும். அப்படி ஓடினால் ரிலேயும் வயரும் மோட்டாரும் ஒரே சமயத்தில் நிரபராதிகள் ஆகிவிடுகின்றன. சோதனைக்குப் பிறகு எஞ்சின் விளக்கு எரியக்கூடும், அது பெரிய விஷயமில்லை.

கூலன்ட் குறைவாக இருப்பதாலேயே ஃபேன் சுற்றாமல் போவதும் உண்டு. சென்சார் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நீர் குறைந்து அது காற்றிலும் ஆவியிலும் நின்றால் எஞ்சினின் உண்மையான சூட்டை அறியாது, ஃபேனும் ஓடாது. வெப்பச் சுவிட்ச் ரேடியேட்டரில் இருக்கும் வண்டியில் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கினாலும் இதே கதைதான். எஞ்சின் கொதிக்கும், ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கும், சுவிட்ச் விழிக்காது. இந்த இரண்டிலும் மோட்டார் மாற்றுவது நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுப்பது போன்றது.

இவ்வளவையும் பார்த்து, மோட்டாரோ அதன் துணைப் பாகமோதான் பழுது என்று உறுதியானால் மட்டுமே நான்கு வழிகளின் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. அவற்றுள் அதிகம் விவாதிக்கப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் டைரக்ட் வயரிங்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டைரக்ட் என்பது மூன்று விதம். சாவியைப் போட்டதும் ஃபேன் ஓடத் தொடங்கி, சாவியை எடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருப்பது ஒன்று. டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்து ஓட்டுநரே போட்டு அணைப்பது இரண்டாவது. தனியாக ஒரு வெப்பச் சுவிட்சும் ரிலேயும் வைத்து, கணினியைத் தொடாமல் தானியங்கியாக ஓட வைப்பது மூன்றாவது. இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம், எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும் என்பது. அதில் பாதிதான் உண்மை. தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், எஞ்சின் ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரியை எட்டும்வரை நீர் ரேடியேட்டருக்குப் போகாது. ஃபேன் எவ்வளவு ஓடினாலும் வெறும் ரேடியேட்டரைத்தான் குளிர்விக்கும். நம் ஊர் வெயிலில் மிகைக்குளிர்ச்சி என்பது பெரிய பயமல்ல.

உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்கிறது. இடைவிட்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்ட மோட்டார் இடைவிடாமல் ஓடும்போது அதன் கார்பன் வேகமாகத் தேய்கிறது. அது நின்றுபோகும் நாளில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எப்போதும் கேட்கும் சத்தத்தை நம் காது எப்போதோ கேட்பதை நிறுத்திவிட்டது. சுவிட்ச் முறையில் அந்த அபாயம் மனித மறதியாக மாறுகிறது. உரிமையாளர் நினைவில் வைத்திருப்பார். ஒருநாள் வண்டியை வாங்கிப்போகும் மைத்துனருக்கு அப்படியொரு சுவிட்ச் இருப்பதே தெரியாது. மறுபக்க மறதியும் உண்டு. சாவியோடு தொடர்பில்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்த ஃபேன் 10 ஆம்பியர் இழுத்தால், சிறு காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரி காகிதக் கணக்கில் மூன்றரை மணி நேரம் தாங்கும்; வண்டி கிளம்ப மறுப்பதற்கு அதில் பாதி நேரமே போதும்.

வயரிங்கின் தரம் அடுத்த கேள்வி. ஓடும்போது 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், கிளம்பும் நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அந்த மின்சாரத்தை மெல்லிய வயர் வழியாகவும் டேஷ்போர்டின் சிறு சுவிட்ச் வழியாகவும் செலுத்தினால் சுவிட்ச் கருகும், வயர் உருகும், சில வேளைகளில் வண்டியே தீப்பிடிக்கும். டைரக்ட் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சுவிட்ச், ரிலேயின் 85, 86 முனைகளுக்குரிய சிறு மின்சாரத்தை மட்டும் கையாள வேண்டும். மோட்டாருக்கான மின்சாரம் 30, 87 முனைகள் வழியாக, குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் வைத்த ஃப்யூஸைத் தாண்டிப் போக வேண்டும். இதைச் செய்யத் தயாராக இல்லாத எலக்ட்ரீஷியனிடம் டைரக்ட் வேலையைக் கொடுக்கக் கூடாது. செய்யத் தயாராக இருப்பவரோ பெரும்பாலும் மூலப் பழுதையே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார் என்பது இதில் உள்ள வேடிக்கை.

என் கருத்தில் டைரக்ட் என்பது வழியில் நின்ற வண்டியை வீடு சேர்ப்பதற்கான ஏற்பாடு. அதற்கு மேல் அதற்கு வாழ்நாள் கொடுக்கக் கூடாது. ஒரே விதிவிலக்கு, சென்சாரும் கணினியும் கிடைக்காத மிகப் பழைய வண்டி. அதற்கு மூன்றாவது முறை, அதாவது தனி வெப்பச் சுவிட்சும் ரிலேயும், மரியாதையான தீர்வு. புதிய வண்டிகள் சிலவற்றில் இருக்கும் கார்பன் இல்லாத மோட்டார்களுக்கு டைரக்ட் பொருந்தவே பொருந்தாது. அவற்றுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது, அது கணினியின் சமிக்ஞையை எதிர்பார்க்கிறது. அங்கே வேறு வழியில்லை, அசெம்பிளிதான்.

இனி மோட்டார் மட்டுமா, முழு அசெம்பிளியா என்ற கேள்வி. முழு அசெம்பிளியின் விலை மோட்டாரைப் போலப் பல மடங்காக இருக்கலாம் என்பதால் பலரும் யோசிக்காமல் மோட்டாரைத் தேர்கிறார்கள். அது பல வேளைகளில் சரியான முடிவே. ஆனால் அசெம்பிளியில் வருவது மோட்டார் மட்டுமல்ல. ரேடியேட்டரைச் சுற்றி மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு, ஃபேன் இழுக்கும் காற்று முழுவதையும் ரேடியேட்டரின் முழுப் பரப்பு வழியாக வரச் செய்கிறது. அது உடைந்தோ பாதி கழன்றோ இருந்தால், புதிய மோட்டாரும் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வேக ஃபேன்களில் மெதுவான வேகத்துக்கான மின்தடையும் அந்தக் கூட்டிலேயே பொருத்தப்பட்டிருப்பது வழக்கம். அது எரிந்துவிட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்ற வேண்டிய நேரத்தில் சும்மா இருந்து, முள் மிகவும் ஏறிய பிறகு திடீரென்று முழு வேகத்தில் இரைந்து சுற்றும். அப்போது மோட்டாரும் தேவையில்லை, அசெம்பிளியும் தேவையில்லை; மின்தடை தனியாகக் கிடைத்தால் அதுவே போதும். தனியாகக் கிடைக்காத மாடலில்தான் அசெம்பிளி தவிர்க்க முடியாததாகிறது.

ஆகவே கூடு உறுதியாக இருந்து, இறக்கைகளில் விரிசல் இல்லாமல், இணைப்பு முனைகள் கருகாமல் இருந்தால் மோட்டார் மட்டும் மாற்றுவதே சரி. வாங்கும்போது வாட், தண்டின் நீளம், தண்டின் முனை வடிவம், சுற்றும் திசை ஆகிய நான்கும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய மோட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது. சில மாடல்களில் இறக்கையைப் பிடிக்கும் நட்டு எதிர்மரையாக (வலப்பக்கம் திருப்பினால் கழல்வதாக) இருக்கும்; அது தெரியாமல் பலம்கொண்டு திருகினால் ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை இறக்கையின் விலையையும் சேர்த்துக்கொள்ளும்.

தரத்தைப் பொறுத்தவரை கடையில் மூன்று நிலைகள் உண்டு. கார் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. கார் கம்பெனிக்குச் செய்து தரும் அதே தயாரிப்பாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது இன்னொன்று. பெயர் கேள்விப்படாத லோக்கல் சரக்கு மூன்றாவது. பழைய மோட்டாரின் உடம்பில் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து, அதே பெயரில் இரண்டாம் நிலைப் பெட்டியைக் கேட்பதே பணத்துக்கு ஏற்ற தேர்வு என்பது என் முடிவு. லோக்கல் மோட்டாரின் தொல்லை அது சுற்றாமல் போவதல்ல. அது சுற்றும், ஆனால் குறைவாகக் காற்று இழுக்கும். மார்கழியில் எல்லாம் சரியாக இருக்கும், கத்திரி வெயிலில் ஏசியோடு நெரிசலில் நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பழைய மோட்டாரைப் பிரித்துக் கார்பன் மாற்றுவது ஒரு காலத்தில் இயல்பான வேலை. இன்று பல சிறு மோட்டார்களின் உறை மடித்து அடைக்கப்பட்டிருக்கிறது; திறப்பதற்கென்று அவை செய்யப்படவில்லை, திறந்து மூடினால் தண்டு நேராக நிற்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. திருகாணி போட்டு மூடிய பழைய மோட்டாராக இருந்து, கார்பன் உரசும் செம்புப் பரப்பில் பள்ளம் விழாமல் இருந்து, புஷ் ஆடாமல் இருந்தால் மட்டும் இது லாபம். ஆர்மேச்சர் கருகிய மோட்டாரை ரீவைண்டிங் செய்வது இன்றைய விலையில் பொருந்தாத சிக்கனம்.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய ஃபேன் செட் ஐந்தாவது வழியாகச் சொல்லப்படும். இதில் ஒரு கணக்கைப் பலர் நினைப்பதில்லை. முன்னால் மோதிய வண்டியில் முதலில் நசுங்குவது ரேடியேட்டரும் ஃபேனும்தான். எனவே பழைய சாமான் கடைக்கு முழுசாக வந்து சேரும் ஃபேன், பின்னால் அடிபட்ட வண்டியிலிருந்து வந்திருக்கலாம், வயதாகி உடைக்க வந்த வண்டியிலிருந்து வந்திருக்கலாம், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்தும் வந்திருக்கலாம். முதல்வகைக்கு மட்டுமே காசு கொடுக்கலாம், ஆனால் எது எந்த வகை என்று பார்வையில் தெரியாது. கடையிலேயே பேட்டரி வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இழுக்கும் ஆம்பியரைப் பார்த்து, தண்டை ஆட்டிப் பார்த்து வாங்குவதே ஓரளவு காப்பு. கூடும் இறக்கையும் மட்டும் அங்கே வாங்கி, மோட்டாரைப் புதிதாகப் போடுவது எனக்குப் பிடித்த கலப்பு வழி. பிளாஸ்டிக்குக்கு வெள்ளம் ஒன்றும் செய்வதில்லை.

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் வயரைத் தொடவே கூடாது, அசெம்பிளியோ மோட்டாரோ முகவரிடமே மாற்ற வேண்டும். பத்தாண்டு ஓடிய, இன்னும் சில ஆண்டுகள் வைத்துக்கொள்ளப் போகும் பெட்ரோல் காருக்கு அதே தயாரிப்பாளரின் மோட்டாரும் புதிய ரிலேயும் போதும். ரிலேயின் விலை சில நூறு ரூபாய்தான். தேய்ந்த மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து ரிலேயின் உள்முனைகளைக் கருக்கியிருக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்து மாற்றுவது சிக்கனமே. மலைப்பாதையில் தினமும் ஓடும் வாடகை வண்டிக்கு முழு அசெம்பிளிக்குக் குறைந்த எதையும் நான் சொல்ல மாட்டேன். எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டின் அடிப்பரப்பு 0.05 மில்லிமீட்டர் வளைந்தாலே எல்லை என்று சில சிறு கார்களின் பராமரிப்புக் கையேடுகள் சொல்கின்றன. ஒரே ஒரு முறை கொதித்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். பிறகு கேஸ்கட், லேத்தில் பரப்பைச் சமப்படுத்தும் ஃபேசிங், கூலி என்று வரும் செலவின் முன் எந்த அசெம்பிளியும் மலிவு.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வேலை முடிந்தது என்று பட்டறைக்காரர் சாவியைக் கொடுத்ததும் கிளம்பிவிடக் கூடாது. ஏசியை அணைத்து எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கி, தானாக நின்று, மீண்டும் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பல கார்களில் 95 டிகிரிக்கு மேல் அது தொடங்கும். பல புதிய சிறு கார்களில் முள்ளே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான் இருக்கிறது. அவற்றில் பழுது கண்டறியும் சாக்கெட்டில் செருகும் சிறு கருவியைக் கைபேசியோடு இணைத்தால் கூலன்ட் சூட்டை எண்ணாகவே பார்க்கலாம். கடைசியாக, ஃபேன் சுற்றும்போது ஒரு காகிதத்தை முன் கிரில்லுக்கு அருகே பிடித்துப் பார்க்க வேண்டும். என் வண்டியில் மோட்டார் மாற்றிய ஒரு பட்டறையில் இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஃபேன் நன்றாகவே இரைந்தது, ஆனால் தலைகீழாகச் சுற்றி, எஞ்சின் அறையின் வெப்பக்காற்றையே ரேடியேட்டருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் வண்டியில் காகிதம் கிரில்லில் ஒட்டிக்கொள்ள வேண்டும். என் கையில் இருந்தது வெளியே பறந்தது.